குண்டைத் தொடாமலே பற்றும் நெருப்பு: ஹைப்பர்சோனிக் எரிதலைக் கணினி எப்படிக் கணக்கிடுகிறது?

ஹைப்பர்சோனிக் என்ற சொல் ஏவுகணைச் செய்திகளோடு நம் நாளிதழ்களுக்குள் நுழைந்து, இன்று தேநீர்க் கடைப் பேச்சு வரை வந்துவிட்டது. சொல் பரவிய அளவுக்கு அதன் பொருள் பரவவில்லை. அவ்வளவு வேகத்தில் போகும் பொருள் காற்றோடு உரசுவதால்தான் பழுக்கக் காய்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது தவறு. அதிர்ச்சி அலை என்பது ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் மட்டும் எழும் வெடிச்சத்தம் என்று நினைப்பவர்களும் உண்டு, அதுவும் தவறு. இவற்றைவிடக் குழப்பமானது, கணினி வரைந்து தரும் வண்ணப் படங்களை நாம் பார்க்கும் விதம். சிலர் அவற்றைக் கேமராவில் எடுத்த படம்போல நம்பிவிடுகிறார்கள். சிலர் விளம்பரத்துக்காகச் செய்த அசைபடம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரை ஒரு சிறிய காட்சியைப் பற்றியது. கட்டைவிரல் பருமனுக்குமேல் இல்லாத ஒரு குண்டு, எரியக்கூடிய வாயுக் கலவை ஒன்றுக்குள் வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதன் மூக்குக்கு முன்னால், குண்டைத் தொடுவதற்கு முன்பே, வாயு பற்றிக்கொள்கிறது. எங்கே பற்றும், எவ்வளவு நேரத்தில் பற்றும், பற்றிய நெருப்பு நிலையாக நிற்குமா துடிக்குமா என்பதையெல்லாம் இயற்பியல் விதிகளிலிருந்து கணினியில் எண் எண்ணாகக் கணக்கிட்டுக் காண்பதற்கு எண்முறை உருவகம் என்று பெயர். துறையில் இருப்பவர்கள் பேச்சுவழக்கில் சிமுலேஷன் என்பார்கள். நானும் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.

சமையலறைத் தொட்டியில் ஓர் அதிர்ச்சி அலை

தட்டையான அடியுள்ள ஸ்டீல் தொட்டியில் குழாயைச் சீராகத் திறந்துவிட்டுப் பாருங்கள். நீர் விழும் இடத்தைச் சுற்றிக் கண்ணாடித் தகடுபோல மெல்லிய ஒரு வட்டம் உருவாகும். அதற்குள் நீர் வெளிப்பக்கமாக விரைந்து ஓடுகிறது. வட்டத்தின் விளிம்புக்கு வந்ததும் நீர் சட்டென்று தடித்து, மேடாகி, மந்தமாகிவிடுகிறது. அந்த விளிம்புக்கு வெளியே விரல் நுனியை வைத்தால் சிற்றலைகள் நாலாபக்கமும் பரவும். உள்ளே வைத்தால் எந்த அலையும் நீர் வரும் திசையை எதிர்த்து ஏறுவதில்லை. விரலுக்குப் பின்னால் ஆப்பு வடிவில் ஒதுங்கிவிடும். உள்ளே நீரின் ஓட்டம் சிற்றலையின் வேகத்தை மிஞ்சியிருப்பதே இதற்குக் காரணம். எதிர்த்திசையில் சேதி போக முடியாத ஓட்டம், சேதி போக முடிகிற ஓட்டமாக மாறுவது படிப்படியாக நடக்கவில்லை, ஒரே விளிம்பில் நடந்து முடிகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றில் இந்தச் சேதியைக் கொண்டுசெல்வது ஒலி. 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காற்றில் அதன் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். சாலையில் ஒரு பேருந்து வரும்போது, அது வருகிறது என்ற அழுத்தச் சேதி ஒலியின் வேகத்தில் முன்னே ஓடி, காற்று முன்கூட்டியே விலகி வழிவிடுகிறது. ஒலியை முந்திச் செல்லும் குண்டோ தன் சேதியையும் முந்திவிடுகிறது. முன்னால் இருக்கும் வாயுவுக்கு எந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. குண்டின் மூக்குக்குச் சற்று முன்னால், மிக மெல்லிய ஓர் அடுக்கில், அது ஒரே நெருக்காக நெருக்கப்படுகிறது. அந்த அடுக்கே அதிர்ச்சி அலை. அதன் தடிமன் சாதாரண அழுத்தத்தில் ஒரு மைக்ரோமீட்டரைவிடக் குறைவு. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

குண்டு ஒலியை மிஞ்சிப் பறக்கும்வரை இந்த அலையும் கூடவே பறக்கிறது. தரையில் நிற்பவரைக் கடந்து போகும்போது அவருக்கு ஒரு முறை 'டமார்' என்று கேட்கிறது, அவ்வளவுதான். அடுத்த ஊரில் நிற்பவருக்கும் அதே அலை அதேபோல் கேட்கும். பொருளின் வேகம் அது செல்லும் வாயுவில் ஒலிக்குள்ள வேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதே மாக் எண். 1-ஐத் தாண்டினால் சூப்பர்சோனிக், 5-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் ஹைப்பர்சோனிக். முதல் எல்லை இயற்கை போட்டது. இரண்டாவது, வெப்பமும் வேதிவினையும் இனி அலட்சியப்படுத்த முடியாதவை ஆகிவிடுகின்றன என்பதற்காக மனிதர்கள் உத்தேசமாக வைத்துக்கொண்டது. (தமிழில் 'மீயொலி' என்ற சொல்லைச் சூப்பர்சோனிக்குக்கும் மருத்துவமனை ஸ்கேனில் பயன்படும் அல்ட்ராசவுண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறோம். அந்தக் குழப்பத்துக்கு அஞ்சியே இங்கே அதைத் தவிர்த்திருக்கிறேன்.)

மாக் எண்ணுக்குப் பெயர் தந்த இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக்கின் யோசனைப்படி, இன்று குரோவேஷியாவில் ரியேகா என்று அழைக்கப்படும் ஃபியூமே நகரில் பீட்டர் சால்ஷர் 1886-இல் பறக்கும் துப்பாக்கிக் குண்டைப் படம் எடுத்தார். அந்தப் படங்களில் குண்டின் முன்னே இந்த அலை வளைந்து நிற்பது முதன்முறையாகத் தெரிந்தது. மூக்கு மழுங்கலாக இருந்தால் அலை மூக்கில் ஒட்டாமல் விலகி, வில்லைப்போல் வளைந்து நிற்கும். ஆகவே அதற்கு வில் அலை என்று பெயர்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அதிர்ச்சி அலை ஒரு சத்தம் அல்ல, ஓர் எல்லை. அதற்கு இப்பால் உள்ள வாயுவுக்குக் குண்டு வருவது தெரியாது. அப்பால் உள்ள வாயு ஏற்கெனவே நெருக்கப்பட்டுவிட்டது.

சூடு எங்கிருந்து வருகிறது

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக நாலைந்து முறை அழுத்தினால் குழாயின் அடிப்பகுதி சுடும். உள்ளே உரசல் கொஞ்சம் உண்டு; ஆனால் அடியில் சுடுவதற்கு முக்கியக் காரணம், நெருக்கப்படும் காற்று சூடாவதுதான். அதிர்ச்சி அலையில் நடப்பது இதன் மிகக் கடுமையான வடிவம். குண்டின்மேல் உட்கார்ந்து பார்ப்பதாக வைத்துக்கொண்டால், வாயு மூலக்கூறுகள் எல்லாம் அணிவகுப்புப்போல ஒரே திசையில் வினாடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. அலையைக் கடந்ததும் அந்த ஒழுங்கு குலைந்து, அதே ஆற்றலின் பெரும்பகுதி தாறுமாறான ஓட்டமாக மாறுகிறது. மூலக்கூறுகளின் தாறுமாறான ஓட்டத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரே வெப்பம்.

மாக் 5 வேகத்தில் நேருக்கு நேர் நிற்கும் அலைக்குப் பாடப்புத்தகச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் அழுத்தம் 29 மடங்கும், அடர்த்தி 5 மடங்கும், கெல்வின் அளவில் வெப்பநிலை 5.8 மடங்கும் உயர்கின்றன. 19 டிகிரி செல்சியஸில், அதாவது 292 கெல்வினில் இருந்த வாயு சுமார் 1,700 கெல்வினுக்குத் தாவுகிறது. மூலக்கூறுகள் உள்ளுக்குள் அதிரத் தொடங்கி ஆற்றலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையும். எப்படியானாலும் இந்த வெப்பம் குண்டின் உலோகத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே உண்டாகிவிட்டது. குண்டைத் தொடாத வாயு குண்டோடு உரசியிருக்க வழியில்லை. குண்டின் தோலை ஒட்டிய மெல்லிய படலத்தில் உராய்வும் வேலை செய்கிறது என்பது உண்மை. மழுங்கிய மூக்குக்கு முன்னால் அது முக்கியப் பாத்திரம் அல்ல.

கடுகும் உறைமோரும்

இந்தச் சூடான வாயு எரியக்கூடிய கலவையாக இருந்தால் என்ன ஆகும்? உடனே எரிந்துவிடும் என்று தோன்றும். இல்லை. தாளிக்கும்போது கடுகைப் போட்டவுடன் வெடிப்பதில்லை. சில நொடிகள் கிடக்கும், பிறகு ஒன்றிரண்டாகத் தொடங்கிப் படபடவென்று வெடித்துத் தீரும். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தால் அந்தக் காத்திருப்பு குறையும். காயாமல் போட்டுவிட்டால் நெடுநேரம் சும்மாவே கிடக்கும். வாயுவுக்கும் இப்படி ஒரு காத்திருப்பு உண்டு. வெப்பம் வந்து சேர்ந்த கணத்துக்கும், வெப்பத்தைக் கொட்டி எரியத் தொடங்கும் கணத்துக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தைப் பற்றல் தாமதம் என்று வைத்துக்கொள்வோம்.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராவி ஆவது ஒரே அடியில் நடப்பதில்லை என்பதே இந்தத் தாமதத்துக்குக் காரணம். முதலில் மிகச் சில மூலக்கூறுகள் உடைந்து, தனித்த ஹைட்ரஜன் அணுபோன்ற துடிப்பான துண்டுகள் உண்டாகின்றன. வேதியியல் பாடத்தில் இவற்றைத் தனி உறுப்புகள் என்பார்கள். ஒரு ஹைட்ரஜன் அணு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைத் தாக்கினால் ஒன்றுக்கு இரண்டாகத் தனி உறுப்புகள் கிடைக்கின்றன. அந்த இரண்டும் மேலும் பெருகும். பாலில் விட்ட ஒரு கரண்டி உறைமோர் நெடுநேரம் எதுவும் செய்யாததுபோல் இருந்துவிட்டுப் பிறகு மொத்தத்தையும் தயிராக்கிவிடுவதுபோல, தனி உறுப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் பெருகும் காலமே பற்றல் தாமதம். வெப்பநிலை கொஞ்சம் ஏறினாலும் இந்தத் தாமதம் பெரிதாகச் சுருங்கும். வெப்பம் 10 சதவீதம் கூடினால் தாமதம் 10 சதவீதம் குறையும் என்ற நேர்க்கணக்கு இங்கே பலிக்காது. பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போய்விடக்கூடும். பின்னால் வரும் தொல்லைகளுக்கெல்லாம் இந்தக் கூருணர்ச்சியே வேர்.

இப்போது இரண்டு நேரங்களை ஒப்பிட வேண்டும். ஒன்று, அலைக்கும் குண்டின் மூக்குக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வாயு தங்கும் நேரம். மற்றொன்று பற்றல் தாமதம். தாமதம் அதிகமென்றால், வாயு எரியாமலே பக்கவாட்டில் ஒதுங்கிக் குளிர்ந்துவிடும். தங்கும் நேரம் அதிகமென்றால், மூக்குக்கு முன்னாலேயே நெருப்புப் பற்றும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போதுதான் விஷயம் சுவாரசியமாகிறது.

செயின்ட் லூயியில் சுட்ட குண்டுகள்

பிரான்ஸின் கிழக்கு எல்லையில் உள்ள செயின்ட் லூயி என்ற ஊரில் பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தும் ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே லேர் என்ற ஆய்வாளர் செய்து 1972-இல் வெளியிட்ட சோதனைகள் இந்தத் துறையின் உரைகல். 15 மில்லிமீட்டர் விட்டமும் அரைக்கோள மூக்கும் உள்ள குண்டுகளை, ஹைட்ரஜனும் காற்றும் எதுவும் மிஞ்சாமல் எரியும் விகிதத்தில் கலந்த வாயுவுக்குள் சுட்டார். வாயுவின் அழுத்தம் 320 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. ஹைட்ரஜன் லேசான வாயு என்பதால் இந்தக் கலவையில் ஒலி வினாடிக்குச் சுமார் 404 மீட்டர் வேகத்தில் செல்லும். ஆகவே இங்கே மாக் 5 என்றால் வினாடிக்கு 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

கண நேர ஒளியில் வாயுவின் அடர்த்தி மாற்றங்கள் திரையில் நிழலாக விழ, அந்த நிழலைப் பதிவுசெய்தார்கள். புகைப்படத்துக்கு நாம் வைத்திருக்கும் 'நிழற்படம்' என்ற சொல் எழுத்துக்கு எழுத்து பொருந்தும் இடம் இதுதான். மாக் 6.46-இல் எடுத்த படத்தில் வழவழப்பான இரண்டு கோடுகள் தெரிகின்றன: முன்னால் அதிர்ச்சி அலை, அதை ஒட்டியே எரிதல் முகப்பு. மாக் 4.79-இல் எடுத்த படத்தில் எரிதல் முகப்பு வழவழப்பாக இல்லை. சீப்பின் பற்களைப்போல, ஒரே சீரான இடைவெளியில் மடிப்பு மடிப்பாக இருக்கிறது. நெருப்பு வினாடிக்கு 7,12,000 முறை துடித்திருக்கிறது. குண்டின் வேகத்தை இந்த எண்ணால் வகுத்தால் மடிப்புக்கு மடிப்பு சுமார் 2.7 மில்லிமீட்டர் வருகிறது. ஸ்கேல் வைத்து அளக்கக்கூடிய தூரம். மாக் 5.04-இல் துடிப்பு வினாடிக்கு 10,40,000 ஆக உயர்ந்தது.

நம் இரண்டு நேரங்களை இங்கே போட்டுப் பார்க்கலாம். மாக் 5-ஐ ஒட்டிய வேகத்தில், இந்த அளவுள்ள மூக்குக்கு முன்னால் அலை சுமார் 1.2 மில்லிமீட்டர் விலகி நிற்கும். அலையைக் கடந்த வாயு, குண்டைப் பொறுத்தவரை வினாடிக்கு 400 மீட்டருக்கு மந்தமாகி, மூக்கை நெருங்க நெருங்க இன்னும் மந்தமாகிறது. ஆகவே தங்கும் நேரம் 3 மைக்ரோவினாடியும் அதற்குச் சற்று மேலும். ஒரு மைக்ரோவினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பற்றல் தாமதம் 1 மைக்ரோவினாடியை ஒட்டிய அளவு. துடிப்பின் கால அளவும் அதே வரிசையில் இருப்பது தற்செயல் அல்ல.

சுருக்கமாக: அலை வாயுவைச் சூடாக்குகிறது, சூடான வாயு சற்றுக் காத்திருந்து எரிகிறது, சில வேகங்களில் அந்த எரிதல் நிலையாக நிற்காமல் துடிக்கிறது. படம் இதைக் காட்டுகிறது, காரணத்தைச் சொல்வதில்லை. சிமுலேஷனுக்கு வேலை வருவது இங்கேதான்.

மளிகைக் கடை இருப்புக் கணக்கு

சிமுலேஷனின் உள்ளே இருப்பது மர்மமான ஒன்றல்ல. மளிகைக் கடைக்காரர் இரவில் போடும் இருப்புக் கணக்கு அது: காலை இருப்பு, அதனுடன் வந்த சரக்கு, அதிலிருந்து போன சரக்கு, மிச்சம் மாலை இருப்பு. குண்டைச் சுற்றியுள்ள இடத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு கடையாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கடையிலும் மூன்று வகைச் சரக்குக்குக் கணக்கு வைக்கப்படுகிறது: நிறை, உந்தம், ஆற்றல். ஒரு கட்டத்தின் சுவர் வழியாக வெளியேறியது பக்கத்துக் கட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும்; நடுவில் காணாமல் போகக் கூடாது. ஆய்லரின் சமன்பாடுகள், நாவியே-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் என்று அச்சுறுத்தும் பெயர்களில் வழங்குபவை இந்தக் கணக்கு விதிகள்தாம். பின்னதில் பாகுத்தன்மையும் வெப்பக் கடத்தலும் சேர்த்தி.

எரிதல் வந்தால் நிறைக்கு ஒரே பேரேடு போதாது. ஹைட்ரஜன்-காற்றுக் கலவைக்கு வழக்கமாக ஒன்பது பொருள்களுக்குத் தனித்தனியே பேரேடு வைப்பார்கள்: ஹைட்ரஜன், ஆக்சிஜன், நீராவி, நைட்ரஜன் ஆகியவற்றோடு இடையில் தோன்றி மறையும் ஐந்து பொருள்கள். கடைக்குள்ளேயே அரிசி மாவாவதுபோல, சுவரைத் தாண்டாமலே ஒரு சரக்கு குறைந்து மற்றொன்று கூடும். எது எவ்வளவு வேகத்தில் மாறும் என்பதற்குச் சுமார் இருபது வினைகள் கொண்ட ஒரு பட்டியல், ஆய்வகங்களில் அளந்து தொகுத்தது, கையில் இருக்க வேண்டும்.

கட்டத்தின் அளவு என்னவாக இருக்கலாம்? அலைக்கும் நெருப்புக்கும் நடுவே உள்ள தூரம் சுமார் 0.4 மில்லிமீட்டர். வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் 1 மைக்ரோவினாடிக்கு வாயு போகும் தூரம் அது. அந்த இடுக்குக்குள் நடக்கும் மாற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் அங்கே சில பத்துக் கட்டங்களாவது வேண்டும். 10 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தலைமயிரின் தடிமனுக்குள் இப்படி ஐந்தாறு கட்டங்கள் அடங்கும். குண்டு உருளை வடிவம் என்பதால் முழுப் பருமனையும் கணக்கிடாமல், அச்சிலிருந்து வெட்டிய ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அப்படியும் 15 மில்லிமீட்டருக்கு 15 மில்லிமீட்டர் பரப்புக்கு 22,50,000 கட்டங்கள் வருகின்றன. கட்டத்துக்கு 12 எண்கள் என்றால் ஒவ்வொரு நொடித்துணுக்கிலும் 2.7 கோடி எண்களைத் திருத்தி எழுத வேண்டும்.

படத்தில் தெரியும் சிவப்பும் மஞ்சளும் இந்த எண்களுக்கு மனிதர் தேர்ந்து பூசிய நிறங்கள். சிவப்பு என்றால் நெருப்பு என்று பொருள் அல்ல. அழுத்தத்துக்கும் சிவப்புப் பூசலாம், நீராவியின் அளவுக்கும் பூசலாம்.

நேரத்தை எவ்வளவு பொடியாக நறுக்குவது

காலத்தையும் துணுக்குகளாகத்தான் நகர்த்த முடியும். ஒரு துணுக்கு நேரத்தில் எந்தச் சேதியும் ஒரு கட்டத்துக்குமேல் தாண்டிவிடக் கூடாது; தாண்டினால் பக்கத்துக் கடையோடு மட்டும் கொடுக்கல் வாங்கல் என்று போட்ட கணக்குப் பொய்யாகி, எண்கள் கண்டபடி வீங்கிக் கணக்கே உடைந்துவிடும். இந்த வரம்பை கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928-இல், மின்னணுக் கணினி பிறப்பதற்கு முன்பே, எழுதி வைத்துவிட்டார்கள். நம் கணக்கில் அதிவேகச் சேதி வினாடிக்குச் சுமார் 2,400 மீட்டர் போகிறது; கட்டம் 10 மைக்ரோமீட்டர். ஆகவே துணுக்கு 4 நானோவினாடி, அதாவது ஒரு வினாடியை 25 கோடியாக வெட்டியதில் ஒன்று. 50 மைக்ரோவினாடி நிகழ்வைப் பார்க்க 12,500 துணுக்குகள்.

வேதிவினைக்கு அதுவும் போதாது. சில தனி உறுப்புகள் ஒரு நானோவினாடிக்குள்ளேயே தோன்றி மறையும். நீராவி சேர்வதோ அதைவிடப் பல மடங்கு மெதுவாக நடக்கும். நொடிமுள்ளையும் மாதக் காலண்டரையும் ஒரே பார்வையில் கவனிப்பதுபோன்ற இந்த நிலையைக் கணிதத்தில் விறைப்பு என்பார்கள். ஒவ்வொரு துணுக்கிலும் ஓட்டத்தை ஒரு தடவையும், வேதிவினையை அதற்குள் இன்னும் நுண்ணிய துணுக்குகளிலும் கணக்கிடுவது ஒரு வழி. அடுத்த கணத்தின் விடையையும் சமன்பாட்டுக்குள்ளேயே வைத்து ஒருசேரத் தீர்ப்பது மற்றொரு வழி.

கணினி சொல்லும் பொய்கள்

ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான அலையை 10 மைக்ரோமீட்டர் கட்டங்களில் எப்படிப் பிடிப்பது? பிடிக்க முடியாது. அலை இரண்டு மூன்று கட்டங்களில் மங்கலாகப் பரவித்தான் தெரியும். வான் நாய்மானும் ரிக்ட்மையரும் 1950-இல் இதையே ஓர் உபாயமாக்கினார்கள்: அலைக்கு வேண்டுமென்றே கொஞ்சம் செயற்கைப் பாகுத்தன்மையைச் சேர்த்து, கட்டங்கள் தாங்கும் அளவுக்கு அதைத் தடிமனாக்கிவிட்டால் கணக்கு உடையாது. 1959-இல் சோவியத் கணிதவியலாளர் கோதுனோவ், ஒவ்வொரு சுவரிலும் இருபக்கமும் உள்ள வாயு மோதினால் என்ன நடக்கும் என்பதைத் தனித்தனியே தீர்த்துச் சரக்குப் போக்குவரத்தை நிர்ணயிக்கும் முறையைத் தந்தார். இன்றைய நிரல்களில் பெரும்பாலானவை அவருடைய வாரிசுகள். அலை எவ்வளவு மங்கினாலும் இரண்டு பக்கத்துக் கணக்கும் சரியாக இருந்தால் அதன் வேகமும் பலமும் சரியாகவே வரும்; எரிதல் இல்லாதவரை.

எரிதல் சேர்ந்தால் அந்த மங்கல் ஆபத்தாகிறது. ஒரு கட்டத்துக்குத் தன் சராசரி மட்டுமே தெரியும். வாணலியின் ஒரு பாதியில் காய்ந்த எண்ணெயும் மறுபாதியில் பச்சை எண்ணெயும் இருந்தாலும், பேரேட்டில் 'மிதமான சூடு' என்றே பதிவாகும். எரிந்த வாயு ஒரு கட்டத்துக்குள் கால்வாசி நுழைந்தவுடன் சராசரி வெப்பநிலை ஏறுகிறது. வேதிவினைப் பட்டியல் அதை நம்பி, எரியக் கூடாத மீதி முக்கால்வாசியையும் அந்தத் துணுக்கிலேயே எரித்துவிடுகிறது. அடுத்த துணுக்கில் அடுத்த கட்டம். இப்படி நெருப்பு, இயற்கை சொன்ன வேகத்தில் போகாமல், துணுக்குக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் ஓடும். கொலெல்லா, மஜ்தா, ராய்ட்பர்ட் மூவரும் 1986-இல் இந்தப் பொய்யை வெளிச்சம்போட்டுக் காட்டினார்கள். கணக்கு உடையாது, எண்கள் வீங்காது, படமும் அழகாகவே இருக்கும். விடை மட்டும் தவறு. கணினி நின்றுபோனால் தவறு தெரிந்துவிடும். இதுபோல் நிற்காமல் ஓடும் தவறுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு பொய், மழுங்கிய மூக்குக்கே உரியது. 1988-இல் பீரி, இம்லே என்ற இருவர் விவரித்தது. வில் அலையின் நடுவில், மூக்குக்கு நேர் எதிரே, அலை தானாகப் புடைத்துக் கட்டிபோல் முன்னே துருத்திக்கொள்ளும். சோதனையில் அப்படி எதுவும் இல்லை. அதற்கு அவர்களின் துறையில் நிலைத்த பெயர் 'கார்பங்கிள்'; மருத்துவத்தில் ராஜபிளவைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. வேடிக்கை என்னவென்றால், அலையை மங்கலாக்காமல் கூர்மையாகப் பிடிக்கும் முறைகளுக்கே இந்த நோய் அதிகம் வருகிறது.

ஆகவே ஒரு விடை வந்ததும் நம்பிவிடுவதில்லை. கட்டங்களைப் பாதியாகச் சிறிதாக்கி மறுபடி கணக்கிடுகிறார்கள். கட்டங்கள் நான்கு மடங்கும் துணுக்குகள் இரண்டு மடங்கும் ஆவதால் செலவு எட்டு மடங்கு. விடை நகர்ந்தால் முதல் விடை கட்டங்களின் விடை, வாயுவின் விடை அல்ல. விடை நகராவிட்டால், அதன் பிறகே லேரின் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. புதிதாக எழுதும் எரிதல் நிரல்கள் இன்றும் அந்த 7,12,000-ஐ எட்டுகின்றனவா என்றுதான் சோதிக்கப்படுகின்றன.

இது வெறும் கல்விப் பயிற்சி அல்ல. 1983-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆபிரகாம் ஹெர்ட்ஸ்பர்க், எரிவாயு நிரம்பிய நீண்ட குழாய்க்குள் குண்டைச் செலுத்தி, குண்டுக்குப் பின்னால் எரியும் நெருப்பே அதை மேலும் உந்தித்தள்ளும் ஓர் அமைப்பை முன்வைத்தார். அங்கே நெருப்பு குண்டுக்கு முன்னால் போய்விட்டால் உந்துதல் எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். 2016 ஆகஸ்ட் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிச் சோதித்த ஸ்கிராம்ஜெட் எஞ்சினுக்கும் அடிப்படைச் சிக்கல் இதுவே: எஞ்சினுக்குள் ஒலியை மிஞ்சி ஓடும் காற்றில், அது வெளியேறும் முன் எரிபொருள் கலந்து பற்றி எரிந்து முடிய வேண்டும். அங்கும் தங்கும் நேரத்துக்கும் பற்றல் தாமதத்துக்கும் இடையேதான் போட்டி.

துடிப்பின் காரணம்

1990-களில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் லேரின் சோதனைகளைக் கணினியில் மறுபடி நடத்தினார்கள். துடிப்புக்கான விளக்கம் ஒன்றை மெக்வேயும் டூங்கும் 1971-இலேயே தாளில் வரைந்து வைத்திருந்தார்கள். படத்தில் ஒரு கணம் மட்டுமே தெரியும். கணினியில் ஒவ்வொரு துணுக்கையும் நிறுத்திப் பார்க்கலாம் என்பதால் அந்த விளக்கத்தைச் சரிபார்க்கவும், சில இடங்களில் திருத்தவும் முடிந்தது.

மூக்குக்கு நேர் முன்னால் நடப்பதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். அலையைக் கடந்த வாயு தன் தாமதம் முடிந்து பற்றுகிறது. பற்றியவுடன் விரிகிறது, அந்த விரிவு இரண்டு பக்கமும் அழுத்த அலைகளை அனுப்புகிறது. முன்னோக்கிப் போன அழுத்த அலை வில் அலையை எட்டி, அதற்குப் பலம் கூட்டுகிறது. பலம் கூடிய வில் அலை, அடுத்து வரும் வாயுவை முன்னைவிடச் சற்று அதிகமாகச் சூடாக்குகிறது. சூடு கூடினால் தாமதம் சுருங்கும் என்று கடுகில் பார்த்தோம். ஆகவே இந்த வாயு தன் முறைக்கு முன்பே, பழைய நெருப்புக்கு முன்னால், வில் அலைக்கு அருகிலேயே பற்றிவிடுகிறது. அங்கிருந்து மீண்டும் இருபக்கமும் அழுத்த அலைகள் கிளம்புகின்றன. பின்னால் நின்ற பழைய நெருப்புக்கு எரிக்க வாயு வருவது நின்று, அது ஓய்கிறது. வில் அலைக்குக் கிடைத்த கூடுதல் பலமும் வடிந்துவிட, வாயு பழைய சூட்டுக்கும் பழைய தாமதத்துக்கும் திரும்புகிறது, நெருப்பு பின்வாங்குகிறது. அடுத்த அழுத்த அலை வந்து சேரும்போது இதே வரிசை மறுபடி தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றும் ஒரு மடிப்பாக, குண்டின் பக்கவாட்டில் பின்னோக்கி அடித்துச் செல்லப்படுகிறது.

ஒரு சுற்றின் நேரத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது பற்றல் தாமதம். அதோடு அழுத்த அலை அந்த இடுக்கைக் கடக்க எடுக்கும் நேரம். மாக் 4.79-இலிருந்து 5.04-க்குப் போனால் சூடு கூடித் தாமதம் சுருங்குகிறது, துடிப்பு வேகமாகிறது. வினைப் பட்டியலை மாற்றினாலும் துடிப்பின் எண் மாறும் என்பதால், வாயு ஓட்டத்தைச் சரியாகக் கணக்கிட்டும் தாமதத்தைத் தவறாகத் தரும் பட்டியலைப் பயன்படுத்தியவர்கள் சோதனையோடு பொருந்தாமல் தவித்ததுண்டு.

மாக் 6.46-இல் துடிப்பு ஏன் இல்லை? இந்தக் கலவை தானாகவே வெடித்து ஓடும் வேகம் வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். குண்டின் வேகமோ 2.6 கிலோமீட்டர். மூக்குக்கு முன்னால் தாமதம் அவ்வளவு சுருங்கிவிடுவதால் நெருப்பு வில் அலையின் முதுகிலேயே ஒட்டிக்கொள்கிறது. அழுத்த அலை போய்வர இடுக்கே இல்லை. அதே படத்தில் மூக்கிலிருந்து பக்கவாட்டுக்குக் கண்ணை நகர்த்தினால், வில் அலை சாய்ந்து பலம் குறையும் இடத்தில் வாயு அவ்வளவு சூடாவதில்லை. தாமதம் மறுபடி நீள்கிறது. ஒட்டியிருந்த இரண்டு கோடுகளும் அந்த இடத்திலிருந்து மெல்ல விலகி, குண்டின் வாலை நோக்கித் தனித்தனியே செல்கின்றன.